பிண மடிப்பில் ஒரு மாவீரன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. யாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொல்லவும் இல்லை. ஒரு பொம்மைக் கடையில் தனியாக நின்று சிரித்ததில் கிடைத்தது.

கியோட்டோவின் ஆகஸ்ட் வெயில் தாங்காமல் குளிர்சாதனக் காற்றுக்காக நுழைந்த கடை. அலமாரியில் டோகிகிரி வரிசையாக நின்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த நாட்டுப் பிள்ளைகளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கட்டிப்போடுகிற மாவீரன் அவன். பெயருக்குக் காலத்தை வெட்டுகிறவன் என்று பொருள். கோடை விடுமுறைக்கு வந்த திரைப்படத்தில் சாமுராய் காலத்துக்குப் போகிறானாம். போன இடத்தில் அவனுக்குப் புது வடிவம். தலைக்கவசமும் ஒளிரும் கண்ணும் பழையபடியே, இடுப்பில் ஒரு வாள், மார்பில் கிமோனோ மாதிரி ஒரு மடிப்பு.

அந்த மடிப்பைப் பார்த்துத்தான் சிரித்தேன். உயிரோடு இருக்கிறவர்கள் கிமோனோவின் வலது பக்கத்தை முதலில் உடம்போடு சேர்த்து, இடது பக்கத்தை அதன் மேல் போடுவார்கள். பிணத்துக்கு மட்டும் மாற்றிப் போடுவார்கள். இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். பொம்மைக்கு வலது பக்கம் மேலே இருந்தது. நம்மூரில் ஒரு கதாநாயகனின் பொம்மையைத் தாடைக் கட்டும் நெற்றிக் காசுமாக விற்பனைக்கு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

படத்தை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான். பார்த்திருந்தால் என்ன ஆயிற்று என்று தெரிந்துவிடும், தெரிந்தபின் எழுத என்ன இருக்கிறது. ஆகவே இனி வருவது முழுக்க என் சொந்தச் சரக்கு. யாரும் வழக்குப் போட வேண்டாம்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"எடோ காலம். பாலத்தின் மேல் வானம் கிழிந்து, அதன் நடுவிலிருந்து ஒரு—"

[வானம் கிழிகிற கதைகளை எழுத இந்த நாட்டில் ஆள் நிறைய. விடு.]

"டோகிகிரி வாளை உருவினான். அவன் கண்களில் தெரிந்த—"

[அவன் கண்களில் ஒன்றும் தெரியாது. அவை பிளாஸ்டிக். உடைக்குள் இருந்து நடிக்கிற ஆள் வெளியே பார்ப்பது கண் வழியாக அல்ல, வாய்க்குக் கீழே விட்டிருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக. இதை எழுதியதும்தான் உறைத்தது. அப்படியென்றால் பார்க்கிறது யார்?]

"கயானோ மூச்சு வாங்கினாள்."

இது நிற்கும். இவளோடு போகலாம்.

3

கயானோ நெமோதோ. முப்பத்து நான்கு வயது. தொழில், உடைக்குள் இருப்பது.

தெரியாதவர்களுக்கு: இந்த மாதிரிப் படங்களில் ஒரு மாவீரனுக்கு இரண்டு உடம்பு. முதல் உடம்பு அழகான பையன். முடி நெற்றியில் விழும், பேசுவான், அழுவான், சுவரொட்டியில் இருப்பான். நான் அவனை முகக்காரர் என்று சொல்லப்போகிறேன். ஆபத்து வந்ததும் முகக்காரர் கைக்கடிகாரத்தைத் திருகுவார், புகை வரும். புகை அடங்கும்போது முகக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து குளிர்ந்த பார்லித் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். உடைக்குள் வேறொருவர் இருப்பார். மாடியிலிருந்து குதிப்பதும், நெருப்பில் புரள்வதும், சுவரில் மோதுவதும் அவர் வேலை.

கயானோ பதினைந்து வருடமாக அந்த வேறொருவர். எதிரிப் படைத் தலைவனின் மனைவி, கெட்ட ஐவர் குழுவில் மூன்றாவது பெண், ஒரு முறை நத்தை, ஒரு முறை குளிர்பதனப் பெட்டி. கெட்டவர்கள் எல்லோரும் கடைசியில் வெடிக்க வேண்டும் என்பது விதி. அதனால் கயானோ பதினைந்து வருடமாக வெடித்துக்கொண்டிருக்கிறாள். மாவீரன் உடைக்குள் மட்டும் எப்போதும் முரோய் என்ற ஆண்.

இந்தப் படத்தில்தான் அது மாறியது. முரோய் காலால் உதைத்தால் கண்ணுக்கு விருந்து. கையில் வாளைக் கொடுத்தால் கொசு அடிக்கிற மாதிரி இருக்கும். ஒத்திகை பார்த்த இயக்குநர் தொகாஷி தலையைச் சொறிந்துகொண்டு, "சாமுராய் வடிவம் மட்டும் கயானோ-சான் பண்ணட்டும்" என்றார். சான் என்பது இங்கே பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற மரியாதை. பெண் என்று தெரியாதிருக்க இடுப்பைச் சுற்றிப் பஞ்சு வைத்தார்கள், தோளுக்கு அட்டை வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று கயானோ நின்றாள். கடைசிச் சண்டையில் எல்லோரும் விழுந்தபின் நின்றுகொண்டிருக்கப்போகிறது அவள். வாழ்க்கையில் முதல் தடவை வெடிக்காமல் வீட்டுக்குப் போகப்போகிறாள்.

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்தக் கதையில் கிடைக்கவோ பறிபோகவோ இருப்பதும் அதுதான்.

[முதல் வரைவில் கயானோவைக் கோபக்காரியாக எழுதியிருந்தேன். கதவை அறைந்து சாத்தினாள், முரோயை முறைத்தாள். திருப்பிப் படித்தபோது, அந்தக் கதவை அறைந்தது நான் என்று தெரிந்தது. கயானோவுக்குக் கோபப்பட நேரமில்லை. அவள் வாள் பயிற்சிக்குப் போயிருந்தாள்.]

4

தப்பு எப்படி நடந்தது என்பதை வேகமாகச் சொல்கிறேன். தப்புகள் எப்போதும் வேகமாகத்தான் நடக்கின்றன.

போன குளிர்காலம், டோக்கியோ. வடிவமைப்பாளர் படத்தைச் சரியாகத்தான் வரைந்தார். சுவரொட்டியில் தலைப்பு வலது பக்கம் வருவதால் மாவீரன் வலது பக்கம் பார்க்க வேண்டும் என்று யாரோ ஒரு பொத்தானை அழுத்திப் படத்தைத் திருப்பினார்கள். வாள் தப்பான இடுப்புக்குப் போயிற்று. அது கண்ணில் பட்டது, மறுபடி இடது இடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். மடிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் படத்தை வைத்துப் பொம்மைக்கு அச்சு வெட்டினார்கள். அதே படம் கூட்டத்துக்கு வந்தது.

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் மடிப்பைப் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க அவர்கள் குருடர்கள் இல்லை, வெளிநாட்டுக்காரர்களும் இல்லை.

பொம்மை நிறுவனத்தின் நிஷிவாகி நினைத்தார்: எதிர்காலத்திலிருந்து வருகிறவன், அதனால் எல்லாம் தலைகீழ், இயக்குநரின் ஆழமான யோசனை போலிருக்கிறது. இயக்குநர் தொகாஷி நினைத்தார்: பொம்மை நிறுவனம் கேட்டு வாங்கியிருக்கிறது, ஏதோ சந்தை ஆராய்ச்சி. தயாரிப்பாளர் ஹதானோ நினைத்தார்: இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை என்றால் ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். வடிவமைப்பாளர் வயதில் சின்னவர். இத்தனை பெரியவர்கள் பார்த்தும் சும்மா இருக்கும்போது தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார்.

இங்கே இதற்கு ஒரு சொல் உண்டு, காற்றைப் படிப்பது. அறைக்குள் நுழைந்ததும் யார் மனதில் என்ன என்று காற்றிலிருந்தே படித்துக்கொள்ள வேண்டும், வாயால் கேட்பது அநாகரிகம். அன்றைக்கு எல்லோரும் காற்றைப் படித்தார்கள். படத்தைத்தான் யாரும் படிக்கவில்லை. கையெழுத்துக்குப் பதிலாக வரிசையாக முத்திரை வைத்தார்கள். மேலதிகாரியின் முத்திரைக்கு வணக்கம் சொல்கிற மாதிரி இளையவர்கள் தங்கள் முத்திரையைக் கொஞ்சம் சாய்த்து வைப்பது சில அலுவலகங்களின் வழக்கம். எல்லாம் அழகாகச் சாய்ந்திருந்தன.*

* இதை ஜப்பானியர் குணம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. எங்கள் வீட்டில் அலுவலகக் கூட்டம் என்ற ஒன்றைப் பார்த்த முதல் ஆள் நான். கூட்டம் என்றால் பேசுவதற்கு என்று நினைத்துக்கொண்டு போனேன். அது சென்னையில்.

5

கியோட்டோ. நகரத்தின் மேற்கே ஒரு பழைய படப்பிடிப்புத் தளம். சாமுராய்கள் வாழ்ந்த எடோ காலத்தைப் போல மரத்தால் கட்டிய தெரு, விலாங்கு மீன் கடை, அரிசிக் கடை, கீழே தண்ணீர் இல்லாத பாலம். டோக்கியோ ஆட்கள் வந்து இறங்கிய மறுநாள் உடை ஒத்திகை.

இங்கே மகிஷிமாவைக் கொண்டுவர வேண்டும். ஐம்பத்தெட்டு வயது, வெட்டுப்படுவது தொழில். சாமுராய் படங்களில் கதாநாயகன் வாளை வீசினால் முதுகை வில்லாக வளைத்து, ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டு விழுவாரே, அவர். கியோட்டோவில் பிறந்தவர். அந்த ஊர்க்காரர்கள் திட்டினால் பாராட்டு மாதிரியே இருக்கும்.

 அவர் பேச்சைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நிறைய யோசித்தேன். மரியாதை குறையாமல் ஆளை உட்கார வைத்து அறுப்பதற்குக் கோவைப் பேச்சுதான் சரி. ஆனால் "ஏனுங்" என்று எழுதிவிட்டால் நீங்கள் அவரை அவிநாசி பஸ்ஸில் ஏற்றிவிடுவீர்கள். அதனால் அளவாகப் போட்டிருக்கிறேன்.

கயானோ முழு உடையில், தலைக்கவசத்தோடு, தெருவுக்கு வந்தாள். பின்னாலேயே தயாரிப்பாளர் ஹதானோவும் இயக்குநரும் நிஷிவாகியும். பொய்க் குடுமியோடு மடக்கு நாற்காலியில் விசிறிக்கொண்டிருந்த மகிஷிமா எழுந்தார். மேலும் கீழும் பார்த்தார். இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார்.

"ரொம்ப அமைதியான உடுப்புங்க. இதப் போட்டாச்சுன்னா அப்புறம் எந்தக் கவலையும் கிடையாது, இல்லைங்களா."

ஹதானோ முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றி. எங்க வடிவமைப்பாளர் அவ்வளவு உழைச்சாரு."

"தெரியுதுங்க. வடக்க தல வெச்சுப் படுத்துட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

பிணத்தைத்தான் இங்கே வடக்கே தலை வைத்துக் கிடத்துவார்கள். தெருவில் இருந்த கியோட்டோ ஆட்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் விலாங்கு மீன் கடைக்குள்ளேயே போய்விட்டார். தலைக்கவசம் மட்டும் குலுங்கியது. உள்ளே கயானோ சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியவில்லை, கவசத்துக்குள் சிரிப்பு முட்டி அவள் காதுக்கே திரும்ப வந்தது.

ஹதானோ சிரித்த முகத்தோடு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் நிஷிவாகியைப் பார்த்தார். நிஷிவாகி தன் காலணியைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதுவரை யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

6

ஒப்பனை அறையில் அவசரக் கூட்டம். கயானோ தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. உடை அவள் மேல் இருந்தது, உடை இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது.

தப்பு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. "இந்த விஷயம்" என்றார்கள்.

"பொம்மைங்க இப்ப எங்க இருக்கு?" என்றார் ஹதானோ.

"கப்பல்ல ஏறிடுச்சு" என்றார் நிஷிவாகி.

"நிறுத்த முடியாதா?"

"நிறுத்தணும்னா ஏன்னு எழுதிக் குடுக்கணும்."

"எழுதிக் குடுங்களேன்."

"ஏன்னு எழுதினா யாருன்னும் எழுதணும்."



"சரி, கப்பல் வரட்டும்" என்றார் ஹதானோ. "பொம்ம எப்படி இருக்கோ படமும் அப்படித்தான் இருந்தாகணும். மார்புல ஒரு கோடு மாறினாலும் பசங்க கண்டுபிடிச்சிருவாங்க. கதையில ஏதாவது செய்யலாமா?"

இயக்குநர் தொகாஷி கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஒளி. "இது டோகிகிரியே இல்ல. டோகிகிரியோட பொணம். கெட்டவன் காலத்தத் தோண்டி எடுத்து அனுப்புறான். ஊரே மாவீரன்னு நம்புது. மடிப்பப் பாத்து ஒரு சின்னப் பொண்ணு மட்டும் கண்டுபிடிக்கிறா. கடைசியில நிஜ டோகிகிரி வந்து அத வெட்டிச் சாய்க்கிறான்."

"நிஜ டோகிகிரின்னா?"

"முரோய்."

அறையே மூச்சு விட்டது. உண்மையில் பிரமாதமான யோசனை. மடிப்பு சரியாகிவிடும், வரலாறு சரியாகிவிடும், முத்திரை வைத்தவர்கள் முன்யோசனைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். நிஷிவாகி மட்டும் பிணம் என்று பெட்டியில் அச்சடிக்க முடியாதே என்றார். நிழல் வடிவம் என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். கயானோ கவசத்தின் பிளாஸ்டிக் கண்ணைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"இல்லாட்டி இன்னொரு வழி" என்றார் நிஷிவாகி. நிழல் வடிவம் விற்காது என்ற கவலை அவருக்கு. "ஊர்ல எல்லாருக்குமே இப்படிப் போட்டுவிட்டா?"

"எல்லாருக்குமா?"

"மீன்காரன், சாமுராய், கொழந்த, கெழவி, எல்லாரும் வலது மேல. அப்ப இவன் மட்டும் தப்பாத் தெரிய மாட்டான். டோகிகிரி ஜெயிச்சவனாவே இருப்பான்."

"அந்தக் காலத்துல அப்படி இல்லியே."

"அந்தக் காலத்தப் பாத்தவங்க யாரு இருக்கா?"

வரலாற்று ஆலோசகரைக் கூப்பிட்டார்கள். அவருக்கும் காற்றைப் படிக்கத் தெரியும். தொலைபேசியை எடுக்கவில்லை.

இரண்டு வழியும் நடக்கக்கூடியதுதான். எதற்கும் யாரும் ஆம் என்று சொல்லவில்லை. ஆம் என்று சொன்னவர் பெயரில் அது நிற்கும். அப்போதுதான் தொகாஷி சுவரோரம் திரும்பினார்.

"கயானோ-சான், உள்ள இருக்கப்போறது நீங்கதானே. உங்களுக்கு எது வசதி?"

பதினைந்து வருடத்தில் அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டபோது இப்படிக் கேட்டார்கள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னாப் போதும்" என்றார் ஹதானோ, மிகவும் அன்பாக.

7

பாலத்துக்கு அடியில், தண்ணீர் இல்லாத ஆற்றில் நிழல் இருந்தது. கயானோ உடையின் மேல்பாதியை இடுப்பு வரை உரித்துத் தொங்கவிட்டு, உள்ளே வைத்திருந்த பனிக்கட்டிப் பைகளை எடுத்துப் போட்டுவிட்டு, மதிய உணவுப் பெட்டியைத் திறந்தாள். ஒரு துண்டு சால்மன், சோறு, ஊறவைத்த முள்ளங்கி. மகிஷிமா தன் பெட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேட்டாங்களாமே" என்றார். கயானோவிடம் அவருக்கு "ங்க" வராது. அது வேண்டாதவர்களுக்கு.

"கேட்டாங்க."

"ஜாக்கிரத. நம்மள மாதிரி ஆளக் கூப்பிட்டுக் கேட்டாங்கன்னா, புள்ள பொறந்திருச்சு, அப்பன் பேரு தேடுறாங்கன்னு அர்த்தம்."

கயானோ சோற்றில் சிரித்தாள். பிறகு இரண்டு வழியையும் சொன்னாள்.

"ஊரு மொத்தத்துக்கும் மாத்திப் போடச் சொன்னா நீங்க போடுவீங்களா, மகிஷிமா-சான்?"

"மாட்டேன்."

"ஏன்?"

[இந்த இடத்தில் மகிஷிமாவின் மனைவியைக் கொன்றேன். போன பனிக்காலத்தில் இறந்தாள், அவளுக்குக் கடைசியாகக் கிமோனோவை மாற்றிப் போட்டுவிட்டது இவர் கைதான், அதனால் இவரால் முடியாது என்று எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. ஒரு மனிதன் "மாட்டேன்" என்று சொல்ல, அவன் வீட்டில் ஒரு பெண் சாக வேண்டுமா? அடித்துவிட்டேன். அவர் மனைவி உயிரோடு இருக்கிறார். பொதுக் குளியலறை ஒன்றில் வேலை செய்கிறார். நேற்றும் தொலைக்காட்சியில் இவர் விழுந்ததைப் பார்த்துவிட்டு, கால் அசிங்கமாக விரிந்திருந்தது என்றார்.]

"மாட்டேன்னா மாட்டேன்" என்றார் மகிஷிமா. "காரணம் வேற கொண்டாந்து குடுக்கணுமா?"

"நான் வெட்டினா மட்டும் விழுவீங்க?"

"அது தொழிலு. நீ வெட்டினா எந்தப் பக்கம் விழணும்னு ஒடம்புக்கே தெரியும். முரோய் வீசினா, விழுறதா, தள்ளி நிக்கிறதா, போர்வ எடுத்தாந்து போத்திவிடுறதான்னு புரியாது."

"அப்ப நான் பொணமா நடிச்சுச் செத்துப்போறேன். அதான எல்லாருக்கும் நல்லது."

"நல்லாத்தான் சாவே. நான் சொல்லியும் தர்றேன். ஆனா நீ இந்தப் படத்துக்கு அதுக்கா வந்தே?"

கயானோ, இடுப்பில் தொங்கிய உடையின் மார்புத் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். மடிப்பு தனி ரப்பர்ப் பட்டை, பசையால் ஒட்டியது. அவள் வியர்வையில் ஓர் ஓரம் எழும்பியிருந்தது.

"இதப் பிச்சு மாத்தி ஒட்டினா முடிஞ்சுபோச்சு. ஒரு மத்தியானம்கூட ஆவாது."

"ஆவாது" என்றார் மகிஷிமா.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்பறம் ஏன் யாரும் சொல்லல?"

"படம் சரியாயிட்டா பொம்ம தப்பாயிடும். பொம்ம தப்புன்னா முத்திர வெச்சவங்க தப்பு. மன்னிப்புக் கேக்கணும், டோக்கியோவுலேர்ந்து பெரியவங்க வருவாங்க, குனிஞ்சு நிக்கணும். அதுக்கு ஒரு ஊரையே சாவடிக்கிறது சுலபம்." மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நீ சொல்லிப் பாரேன்."

"சொன்னா, இந்தப் படத்துல நான் ஜெயிச்சு நிப்பேன். அதோட சரி. அடுத்ததுக்குக் கூப்பிட மாட்டாங்க. நத்தைக்குக்கூட."

"மாட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. அவர் தன் முள்ளங்கியை எடுத்து அவள் பெட்டியில் வைத்தார்.

8

முடிவுகள். எழுதிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

முடிவு, ஒன்று. கயானோ நிஷிவாகியின் வழியைத் தேர்ந்தெடுக்கிறாள். எடோ தெரு முழுக்கப் பிண மடிப்பு. ஒரு பிணம் மீன் விற்கிறது, இன்னொரு பிணம் பேரம் பேசுகிறது, பிணத் தாய் பிணக் குழந்தைக்குத் தலை வாருகிறாள். மகிஷிமா பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். டோகிகிரி ஜெயிக்கிறான். அவன் வெட்டியதில் ஒருவனும் ஒழுங்காக விழவில்லை. அடுத்த கோடைத் திருவிழாவில் பிள்ளைகள் எல்லோரும் டோகிகிரி மாதிரிக் கட்டிவிடச் சொல்லி அடம்பிடிக்க, தெருவெல்லாம் சின்னச் சின்னப் பிணங்கள் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டு போகின்றன.

எழுதும்போது குஷியாக இருந்தது. முடித்ததும் கூசிற்று. ஒரு பெண் ஜெயிக்க வேண்டும் என்ற என் ஆசைக்கு ஓர் ஊரையே பாடையில் ஏற்றியிருந்தேன்.

முடிவு, இரண்டு. பிணமாக நடிக்கிறாள். மகிஷிமா சொல்லித்தந்தபடி முதுகை வளைத்து, ஒரு கணம் வானத்தைப் பார்த்து விழுகிறாள். தளத்தில் எல்லோரும் எழுந்து கை தட்டுகிறார்கள். விமர்சனங்களில் முரோயின் வாள்வீச்சைப் பாராட்டுகிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, யாருக்கும் நஷ்டம் இல்லை, விழுந்தவளைத் தவிர. இந்த மாதிரிச் சரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் அனுசரிச்சுக்கோம்மா" என்று நம்மூரில் அதற்குப் பெயர்.

முடிவு, மூன்று. "அந்த நேரம் பார்த்து முரோய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு—"

[இல்லை. ஒருத்தி ஜெயிக்க இன்னொருவன் கால் உடைய வேண்டாம்.]

முடிவு, நான்கு. காலப் பயணம் கையிலேயே இருக்கிறது, எதற்குச் சும்மா விட வேண்டும்? கயானோ கைக்கடிகாரத்தைத் திருகுகிறாள். புகை. போன குளிர்காலம், டோக்கியோ, அதே கூட்டம். மேசையில் படம். இப்போதே சொல்லிவிடலாம். கதவைத் திறக்கப் போகிறாள். வரவேற்பில் இருப்பவர் கேட்கிறார், "மன்னிக்கணும், நீங்க எந்தத் துறை?" உடைக்குள் இருப்பவர்களை வடிவமைப்புக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிற வழக்கம் போன குளிர்காலத்திலும் இல்லை. இன்னும் பின்னால் போனாலும் இல்லை. முந்நூறு வருடம் பின்னால் போனால் கதவே இல்லை.

9

ஆக, மிச்சம் இருப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். அதை உள்ளபடி எழுதுகிறேன்.

எடோ தெருவில் எல்லோரும் காத்திருந்தார்கள். துணை நடிகர்கள் இடது மேல் வைத்த கிமோனோவில், மாற்றச் சொல்வார்களா என்று தெரியாமல் வாசற்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உடை அறைப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முரோய் உதை பயிற்சி செய்துகொண்டிருந்தார். பாவம், அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. கயானோ முழு உடையில், தலைக்கவசத்தோடு, தெரு நடுவில் வந்து நின்றாள். முன் வரிசையில் மகிஷிமா பொய்க் குடுமியைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லுங்க கயானோ-சான்" என்றார் தொகாஷி. "பொணமா, ஊரா?"

அவள் கவசத்துக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. புரியாதுதான். உடைக்குள் இருப்பவருக்குக் குரல் கிடையாது. படப்பிடிப்பில் அவர் முனகினாலும் அலறினாலும் யாரும் பதிவு செய்வதில்லை. வாரக்கணக்கு கழித்து முகக்காரர் ஒலிக்கூடத்துக்கு வந்து, திரையில் குதிக்கிற உடம்பைப் பார்த்துக்கொண்டே, "உன்ன விடமாட்டேன்" என்று பேசுவார். பிள்ளைகள் அந்தக் குரலைத்தான் டோகிகிரி என்பார்கள்.

"அதக் கழட்டிட்டுச் சொல்லுங்க" என்றார் ஹதானோ.

கழற்றினாள். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது, அழகாக அல்ல. தெருவில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சிலர் முதல் முறையாக. அவள் வாய் திறந்தது.

இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பேச்சு எழுதிவைத்திருந்தேன். ஒரு பக்கம். காரசாரமாக இருந்தது. சாய்ந்த முத்திரைகள், இடுப்புப் பஞ்சு, பதினைந்து வருட வெடிகள், பசை எழும்பிய பட்டை, எல்லாம் அதில் இருந்தன. ஹதானோ தலைகுனிவார், உடை அறைப் பெண்கள் அழுவார்கள், நீங்கள் கை தட்டியிருப்பீர்கள். சத்தமாகப் படித்துப் பார்த்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் நான். கயானோ அப்படிப் பேச மாட்டாள், அவ்வளவு நீளமாக அவளுக்கு மூச்சு இருக்காது. அவள் உடம்பைத் தெரு நடுவில் நிறுத்திவிட்டு, நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்லித் தேநீர் குடித்துக்கொண்டு, என் குரலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை பக்கம் நான் திட்டியது யாரையோ, அவர் வேலையைத்தான் இத்தனை பக்கமாக நானும் செய்திருக்கிறேன்.

கிழித்துவிட்டேன்.

அதனால் அவள் சொன்னது இதில் இல்லை. பிணம் என்றாளா, ஊர் என்றாளா, பசை என்றாளா, எனக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொள்கிறேன். நீங்கள் வேண்டுமானால் நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பும்போது ஒரு தடவை சத்தமாகப் படித்து, அது யார் குரல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்:

கயானோ சொன்னாள்.

தொகாஷி காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "மன்னிக்கணும். சரியாக் கேக்கல. இன்னொரு தடவ?"

அவள் இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை தெருக்கோடி வரைக்கும் கேட்டது.